ஆயா பேசுகிற மாதிரி

என்னிடம் ஒரு பழைய கதைப் புத்தகம் இருக்கிறது. 1985-ல் மூர் மார்க்கெட் தீக்கிரையாவதற்குச் சில வருஷங்களுக்கு முன்பு, அங்கே ஒரு பழைய புத்தகக் கடையில் பேரம் பேசி வாங்கியது. அட்டை போய்விட்டது, பைண்டு செய்தவன் ஓரத்தை வெட்டியதில் சில இடங்களில் எழுத்தும் போய்விட்டது. ஆனாலும் முன்பக்கத்தில் உள்ள ஒரு குறிப்பு தப்பிப் பிழைத்திருக்கிறது. இந்தப் புத்தகத்துக்குள் நுழைவது எப்படி என்பதைச் சொல்லும் குறிப்பு அது. முதலில் கதவைத் தட்ட வேண்டுமாம். பிறகு மணிக் கயிற்றை இழுக்க வேண்டுமாம். சத்தம் போடாமல் காத்திருந்தால், கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மிக மிகச் சின்னக் குரல் ஒன்று, சாவியை எடுத்துக் கொள்ளச் சொல்லுமாம். சாவி புத்தகத்தின் பின்பக்கத்தில் இருக்கிறது. திறந்துகொண்டு உள்ளே போக வேண்டியதுதான்!

போன மாதம் என் பேத்தியுடன் அப்படித்தான் உள்ளே போனேன். கதவைத் தட்டும் வேலையை அவள் எடுத்துக் கொண்டாள். மேஜையில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். அன்றைக்கு எடுத்த கதை மூன்று பன்றிக்குட்டிகளின் கதை. முதல் குட்டி வைக்கோலில் வீடு கட்டியது, ஓநாய் வந்து ஊதியது, வீடு பறந்தது, ஓநாய் குட்டியைத் தின்றது. இரண்டாவது குட்டி செடி குச்சிகளால் வீடு கட்டியது. அதுவும் அப்படியே ஆயிற்று. மூன்றாவது குட்டியின் செங்கல் வீட்டுக்கு வரும் சமயத்தில் என் மருமகள் வாசற்படியில் வந்து நின்றாள்.

"மாமா, தூங்கப் போகிற நேரத்தில் இப்படி வெட்டு, குத்து, தின்னுட்டதுன்னு சொல்லலாமா? இதில் அந்த ரெண்டு குட்டியும் ஓடிப்போய்த் தம்பி வீட்டில் ஒளிஞ்சுக்கும். சினிமாவிலேயே அப்படித்தான் வருது" என்றாள்.

சினிமாவில் அப்படித்தான் வருகிறது. 1933-ல் வால்ட் டிஸ்னி எடுத்த கார்ட்டூன் படத்தில் மூன்று குட்டிகளுமே பிழைத்துக் கொள்கின்றன. ஓநாய் வாலைச் சுட்டுக்கொண்டு ஓடிப்போகிறது. அதற்கு முன்பு இங்கிலாந்துக் குழந்தைகள் கேட்ட கதையில் அப்படி இல்லை. அன்றிரவு விளக்கை அணைத்துவிட்டார்கள். பாதிக் கதை பாக்கி. பேத்திக்கு என் மேல் கோபம். எனக்கோ, இந்த வழக்கு ஏதோ நம் வீட்டில் புதிதாகத் தோன்றியதல்ல, இருநூறு வருஷத்து வழக்கு என்று சொல்ல ஆசை. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

இங்கிலீஷ் தேவதைக் கதைகள் என்றதும் நம்மில் பலருக்கு என்ன ஞாபகம் வருகிறது? ஸிண்ட்ரெல்லா, தூங்கும் அழகி, சிவப்புக் குல்லாய்ப் பெண், ஸ்நோ ஒயிட். இங்கிலீஷ் பாடப் புத்தகத்தில் படித்ததால் இங்கிலீஷ்காரன் கதை என்று நினைத்துக் கொண்டிருக்கிறோம். உண்மையில் முதல் மூன்றும் பிரெஞ்சுச் சரக்கு. 1697-ல் ஷார்ல் பெரோ என்ற கனவான் பாரிஸில் வெளியிட்ட சிறு புத்தகத்தில் உள்ளவை; இங்கிலீஷில் வந்தது 1729-ல். ஸ்நோ ஒயிட் ஜெர்மனிக்காரி. கிரிம் சகோதரர்களின் முதல் தொகுதி 1812-ல் வந்தது. 1823-ல் இங்கிலீஷ் சட்டை போட்டுக் கொண்டது. ஆண்டர்ஸன் கதைகள் டென்மார்க்கிலிருந்து 1846-ல் கப்பல் ஏறி வந்தன. வந்த விருந்தாளிகள் கூடத்தில் சாய்வு நாற்காலியைப் பிடித்துக் கொள்ள, வீட்டுக் குழந்தைகள் கொல்லைப்புறத்துக்குப் போய்விட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், எங்களுக்கென்று தேவதைக் கதைகளே கிடையாது என்று படித்த இங்கிலீஷ்காரர்களே நம்பும்படி ஆயிற்று.

கொல்லைப்புறத்தில் இருந்தது கொஞ்சநஞ்சமல்ல. கட்டைவிரல் அளவே உள்ள டாம் தம்பின் கதை 1621-லேயே லண்டனில் அச்சாகியிருக்கிறது. ராட்சதர்களைக் கொன்ற ஜாக்கின் சரித்திரம் 1711-ல் அச்சில் இருந்தது. இவையெல்லாம் சந்தையிலும் திருவிழாவிலும் கூடைக்காரர்கள் கூவி விற்ற மலிவுப் பதிப்புகள். நம் ஊரில் அல்லி அரசாணி மாலையையும் மதனகாமராஜன் கதையையும் பெரிய எழுத்தில் போட்டுத் திருவிழாவில் விற்றார்களே, அந்த ஜாதி. மட்டமான காகிதம், மரக்கட்டைப் படம். ஒரு படத்தையே நாலு கதைக்குப் போடுவார்கள். ராஜா மாறுவார், படம் மாறாது.

பக்திமான்களுக்கு இது பிடிக்கவில்லை. 'பில்கிரிம்ஸ் ப்ராக்ரஸ்' எழுதிய ஜான் பன்யன், தாம் வாலிபத்தில் வேதாகமத்தைத் தள்ளிவிட்டு இம்மாதிரி வீரர் கதைகளில் மனத்தைச் செலுத்தியதை ஒரு பாவமாகக் கருதி 1658-ல் எழுதினார். அவருடைய யாத்திரைப் புத்தகத்தில் வரும் ராட்சதனும் பூதமும் பின்னே எங்கிருந்து வந்தனவாம்? பாவம் என்று சொன்ன சரக்கையே அவர் நல்ல விலைக்கு விற்றிருக்கிறார் என்பது என் அபிப்பிராயம்.

பக்தி போயிற்று, அதன் பிறகு வந்தது பயனுள்ள அறிவு. இது பக்தியைவிடப் பொல்லாதது. ஸேரா டிரிம்மர் என்ற சீமாட்டி 1802-ல் ஒரு பத்திரிகை தொடங்கி, குழந்தைகளின் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பரிசோதனை செய்தார். அதில் வெளியான ஒரு கடிதம் ஸிண்ட்ரெல்லாவைக் கூண்டில் ஏற்றி நிறுத்துகிறது. பொறாமை, மாற்றாந்தாய் மேல் வெறுப்பு, அலங்காரப் பித்து ஆகிய அத்தனையையும் இந்தக் கதை குழந்தைக்குக் கற்பிக்கிறதாம்! தாமும் சிறு பிராயத்தில் இந்தக் கதைகளை ஆசையோடு கேட்டதாக அந்த அம்மாளே ஒப்புக்கொண்டிருக்கிறார். கேட்டும் அவர் கெட்டுப் போகவில்லை. ஆனால் அடுத்த வீட்டுக் குழந்தை கெட்டுப் போய்விடும் என்று பயம்.

அதே 1802-ல் சார்லஸ் லாம் தம் நண்பர் கோல்ரிட்ஜுக்கு ஒரு கடிதம் எழுதினார். தமக்கை மேரி பழைய கதைப் புத்தகங்களைத் தேடிக் கடைக்குப் போனாளாம். கடைக்காரன் அலமாரியின் மூலையில் ஒதுக்கிப் போட்டிருந்த இடத்திலிருந்து வேண்டா வெறுப்பாய் எடுத்துக் கொடுத்தானாம். முன்னால் குவியல் குவியலாய்க் கிடந்தவை எல்லாம் பயனுள்ள புத்தகங்கள். குதிரை ஒரு மிருகம், அதைவிட பில்லி என்கிற பையன் மேல் என்று தெரிந்துகொண்டு குழந்தை கர்வப்படுவதற்கான அறிவு! குழந்தைப் பருவத்தில் பாட்டிக் கதைகளைக் கேட்காமல், பூகோளத்தையும் இயற்கை நூலையும் திணித்திருந்தால் நீ என்ன ஆகியிருப்பாய் என்று லாம் கேட்கிறார். கேள்வி போய்ச் சேர்ந்தது, இங்கிலீஷ் பாஷையிலேயே விசித்திரமான கப்பல் யாத்திரைக் கவிதையை எழுதியவருக்கு.

கதைகளை ஒழிக்க முடியாது என்று கண்டவர்கள் அடுத்த உபாயத்துக்கு வந்தார்கள். ஒழிக்காதே, திருத்து! 1807-ல் பெஞ்சமின் டபார்ட் என்ற புத்தக வியாபாரி, ஜாக்கும் அவரைக் கொடியும் கதையை வெளியிட்டார். அதில் ஒரு தொல்லை இருந்தது. ஜாக் என்ன செய்கிறான்? பசுவை விற்று அவரை விதை வாங்குகிறான். கொடி வானம் மட்டும் வளருகிறது. ஏறிப்போய் ராட்சதன் வீட்டில் சாப்பிடுகிறான், ஒளிந்துகொள்கிறான், பொன்னைத் திருடுகிறான், பொன்முட்டை இடும் கோழியைத் திருடுகிறான், தானே பாடும் யாழைத் திருடுகிறான். துரத்தி வந்த வீட்டுக்காரனைக் கொடியை வெட்டிக் கீழே தள்ளிக் கொல்கிறான். பீனல் கோட்டைப் பிரித்து வைத்தால் எத்தனை செக்‌ஷன்! ஆகவே டபார்ட் கதையில் ஒரு தேவதை வழியில் வந்து நிற்கிறாள். அந்த ராட்சதன்தான் உன் தகப்பனைக் கொன்று சொத்தைப் பிடுங்கியவன், அதெல்லாம் உன்னுடையதே என்று விளக்கம் தருகிறாள். இப்போது ஜாக் திருடன் அல்ல, வாரிசு. சட்டம் திருப்தி அடைந்தது. கதைக்கு மட்டும் மூச்சு வாங்குகிறது.

இந்தத் திருத்த வேலையின் சிகரம் ஜார்ஜ் க்ரூக்ஷாங்க். மகா சித்திரக்காரர், டிக்கன்ஸின் 'ஆலிவர் ட்விஸ்ட்'டுக்குப் படம் போட்டவர். நன்றாகக் குடித்துக் கொண்டிருந்த மனிதர், 1847-ல் குடியை விட்டார். விட்டவர் சும்மா இருப்பாரா? 1853 முதல் தேவதைக் கதைகளைத் தாமே திருத்தி எழுதிப் படம் போட்டு வெளியிட்டார். ஸிண்ட்ரெல்லாவின் கல்யாணத்தில் ஊருணியில் ஒயின் ஓட விடுவதாக ராஜா ஏற்பாடு செய்கிறார். உடனே ஞானத்தாய் தேவதை குறுக்கிட்டு, குடியின் கேடுகளைப் பற்றி அவருக்கு ஒரு பிரசங்கம் செய்கிறாள். ராஜா மனம் திருந்தி, ராஜ்யத்தில் உள்ள மதுவையெல்லாம் கொளுத்திவிடுகிறார். மதுவிலக்குப் பிரசாரக் கூட்டங்களைப் பார்த்த நமக்கு ராஜாவின் பேரில் மரியாதை ஏற்படலாம். ஆனால் கண்ணாடிச் செருப்பு எங்கே என்று தேடிக்கொண்டிருக்கும் குழந்தையின் கதியை யோசித்துப் பாருங்கள்.

டிக்கன்ஸுக்கு வந்ததே கோபம்! நண்பர் என்றும் பாராமல், 1853 அக்டோபரில் தம் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். ஆளுக்கு ஒரு கொள்கையை இப்படித் திணித்தால் ஸிண்ட்ரெல்லா எப்படி இருப்பாள் என்று தாமே ஒரு பரிகாசக் கதையும் எழுதிக் காட்டினார். இயந்திர யுகத்தில் தேவதைக் கதைகளை முன்னிலும் அதிகமாகப் போற்ற வேண்டும், கை வைப்பவன் நமக்கு உரியதல்லாததை எடுத்துக்கொள்கிறவன் என்பது அவர் கட்சி. டிக்கன்ஸும் ஏழைகளுக்காகவும் சீர்திருத்தத்துக்காகவும் வாழ்நாள் எல்லாம் எழுதியவர்தான். அதற்குத் தம்முடைய சொந்தக் கதையை உபயோகித்தாரே தவிர, பாட்டியின் கதையை உபயோகிக்கவில்லை. இந்த வித்தியாசம் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது.

கூடத்தில் இந்தச் சண்டை நடந்துகொண்டிருந்தபோது, சமையலறையிலும் குழந்தைகள் படுக்கும் அறையிலும் வேறொரு காரியம் நடந்துகொண்டிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஆயாக்கள், யாரையும் கேட்காமல், எதையும் திருத்தாமல் கதை சொல்லிக் கொண்டிருந்தார்கள்.

எட்வர்ட் க்ளாட் என்பவர் பாங்கியில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே பழங்கதை ஆராய்ச்சியும் செய்தவர். ஒரு நாள் 'இப்ஸ்விச் ஜர்னல்' என்ற ஜில்லாப் பத்திரிகையின் பழைய கட்டு ஒன்றைப் புரட்டும்போது அவர் கண்ணில் ஒரு கதை பட்டது. ஒரு சீமாட்டி, தாம் சிறுமியாக இருந்தபோது வயதான ஆயா சொல்லக் கேட்டதை, ஸஃபோக் ஜில்லாப் பேச்சிலேயே எழுதி அனுப்பியிருந்தார். கதையின் பெயர் 'டாம் டிட் டாட்'. க்ளாட் 1889-ல் அதை மறுபடியும் வெளியிட்டார். பிற்பாடு அந்த ஒரு கதையைப் பற்றியே ஒரு முழுப் புத்தகம் எழுதினார் என்றால் பார்த்துக் கொள்ளுங்கள்.

ஒரு தாய் ஐந்து 'பை' சுட்டாள். பை என்பது மாவு மூடி போட்டுச் சுடும் ஒரு பணியாரம். தீ அதிகமாகி மேல்மூடி கல்லாய்ப் போய்விட்டது. மகளைக் கூப்பிட்டு, "பரண்மேல் வை, கொஞ்ச நேரம் போனால் மறுபடி வந்துடும்" என்றாள். மேல்மூடி இளகிவிடும் என்பதை அந்த ஊர்ப் பேச்சில் அப்படித்தான் சொல்வார்கள். மகள் என்ன நினைத்தாள்? மறுபடி வந்துவிடுமென்றால் இப்போது தின்றால் என்ன? ஐந்தையும் தின்றாள். ராத்திரி தாய் கேட்டாள். மகள் பரணைப் பார்த்துவிட்டு வந்து, "இன்னும் வரலை" என்றாள். "சரி, வராவிட்டாலும் ஒன்று கொடு." "வராமல் எப்படிக் கொடுப்பேன்? எல்லாவற்றையும் தின்றுவிட்டேனே!"

தாய் வாசலில் ராட்டையோடு உட்கார்ந்து, மகள் இன்றைக்கு ஐந்து தின்றாள் என்று புலம்பிப் பாடினாள். தெருவோடு வந்த ராஜா, என்ன பாட்டு என்று கேட்டான். மானம் போகிறதே! "என் மகள் இன்றைக்கு ஐந்து சிட்டம் நூல் நூற்றாள்" என்று மாற்றிப் பாடிவிட்டாள். ஒரு நாளில் ஐந்து சிட்டமா! ராஜா உடனே அவளைக் கல்யாணம் செய்துகொள்வதாகச் சொன்னான். வருஷத்தில் பதினொரு மாதம் இஷ்டப்பட்ட சாப்பாடு, இஷ்டப்பட்ட உடை. பன்னிரண்டாம் மாதம் நாளொன்றுக்கு ஐந்து சிட்டம் நூற்க வேண்டும். இல்லாவிட்டால் தலை போகும். பதினொரு மாதத்தில் ராஜா மறந்துவிடுவான் என்று தாயும் மகளும் கணக்குப் போட்டார்கள். கடனை மறக்கும் கடன்காரன் உண்டா? முதல் தேதி ஓர் அறையில் ராட்டையும் நாருமாய் அவளைப் பூட்டிவிட்டான்.

அவள் அழுதுகொண்டிருக்கும்போது கதவைத் தட்டி ஒரு குட்டிக் கறுப்பு ஜந்து வந்தது. நீண்ட வால். நான் நூற்றுத் தருகிறேன், தினம் மூன்று தடவை என் பெயரைச் சொல்லிப் பார், மாதம் முடிவதற்குள் கண்டுபிடிக்காவிட்டால் நீ எனக்குச் சொந்தம் என்றது. நாள் ஆக ஆக, பெயர் தெரியவில்லை. அந்த ஜந்து வாலைச் சுழற்றும் வேகம் மட்டும் அதிகமாகிக் கொண்டே வந்தது. அந்த வால் சுழற்சியில்தான் கதையின் பயங்கரம் எல்லாம் இருக்கிறது. கடைசிக்கு முந்தின ராத்திரி ராஜா சாப்பிட உட்கார்ந்தவன், இரண்டு வாய் தின்றுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தான். வேட்டைக்குப் போன இடத்தில், பழைய சுண்ணாம்புக் குழி ஒன்றில் ஒரு வேடிக்கையான சின்ன ஜந்து நூற்றுக்கொண்டே தன் பெயரைச் சொல்லிப் பாடியதாம். பெண் வாய் திறக்கவில்லை. மறுநாள் ஜந்து கையை நீட்டிக்கொண்டு வந்தது. வேண்டுமென்றே இரண்டு தடவை தப்பாகச் சொன்னாள். மூன்றாம் தடவை விரலை நீட்டிச் சிரித்துக்கொண்டே பெயரைச் சொன்னாள். ஒரே கூச்சல், இருட்டுக்குள் போயே போய்விட்டது.

ஜெர்மனியில் இதே கதைக்கு வைக்கோலைப் பொன்னாக நூற்பவன் வருகிறான். எனக்கு ஸஃபோக் ஆயாவின் கதைதான் உசத்தி. பொன் இல்லை, ரத்தினம் இல்லை. தீய்ந்து போன ஐந்து பணியாரத்திலிருந்து ஒரு ராணி கிளம்புகிறாள். இதில் நீதி எங்கே? பெருந்தீனி தின்றவளுக்கு ராஜா கிடைக்கிறான். பொய் சொன்ன தாய் தண்டனை பெறவில்லை. உதவி செய்த ஜந்துதான் ஏமாந்து போகிறது. டிரிம்மர் அம்மாளுக்கு இதைப் படித்தால் மயக்கமே வந்திருக்கும்.

இந்தக் கதையை முதல் கதையாக வைத்து 1890-ல் வந்ததுதான் என் கையில் உள்ள புத்தகம். தொகுத்தவர் பெயர் ஜோஸப் ஜேகப்ஸ். படங்கள் ஜான் பாட்டன். இங்கிலாந்துக்குச் சொந்தக் கதை கிடையாது என்ற பேச்சைப் பொய்யாக்கவே இதை வெளியிட்டார். நாலு வருஷம் கழித்து இன்னொரு தொகுதி. இரண்டிலும் சேர்த்து எண்பத்தேழு கதைகள். வீட்டுக் குழந்தைகளைக் கொல்லைப்புறத்திலிருந்து கூடத்துக்குக் கைபிடித்து அழைத்து வந்தவர் யார் என்று பார்த்தால், அவர் அந்த வீட்டில் பிறந்தவரே அல்ல. ஆஸ்திரேலியாவில் ஸிட்னியில் 1854-ல் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்து, கேம்பிரிட்ஜில் படிக்க வந்தவர். ரஷ்யாவில் யூதர்கள் படும் கொடுமைகளை 1882-ல் 'டைம்ஸ்' பத்திரிகையில் எழுதி, இங்கிலாந்தின் மனச்சாட்சியை உலுக்கியவர். அவரைக் கொடிக் கதையை அவர் எந்தச் சுவடியிலிருந்தும் எடுக்கவில்லை. ஏறக்குறைய 1860-ல், ஆறு வயதுப் பையனாக ஆஸ்திரேலியாவில் தாம் கேட்ட விதத்திலேயே கொடுத்திருக்கிறார். அதில் தேவதையும் இல்லை, தகப்பன் சொத்தும் இல்லை. ஜாக் திருடுகிறான், அவ்வளவுதான். இன்றைக்கு உலகம் முழுவதும் அறிந்த இங்கிலீஷ் கதை, கடல் கடந்து போன யாரோ ஒருவர் மூலம் ஒரு யூதக் குழந்தையின் காதில் தங்கி, மறுபடி கடல் கடந்து வீடு திரும்பியிருக்கிறது!

தமக்கு முன்னால் இதை ஏன் யாரும் செய்யவில்லை என்பதற்கு ஜேகப்ஸ் சொல்லும் காரணம் கொஞ்சம் சுடும். ஆளுகிற, எழுதுகிற வர்க்கத்துக்கும் உழைக்கிற ஜனங்களுக்கும் நடுவே பெரிய பள்ளம் விழுந்துவிட்டது. ஏழைகள் தங்களுக்குள் நன்றாகத்தான் பேசிக்கொண்டார்கள். மேலே இருந்தவர்கள் காதில் அது விழவில்லை. அவர் சொல்வது எவ்வளவு சரி என்பதற்கு நம் தேசத்திலேயே சாட்சி உண்டு. பம்பாய் கவர்னராக இருந்த ஸர் பார்ட்டில் ஃப்ரியரின் மகள் மேரி, 1865-ல் தகப்பனாரோடு தக்காணத்தில் சுற்றுப்பிரயாணம் செய்தபோது, பொழுது போகாமல் தன் ஆயாவைக் கதை சொல்லச் சொன்னாள். அன்னா லிபராட்டா டி ஸௌஸா என்ற அந்த ஆயா சொன்ன கதைகள் 1868-ல் லண்டனில் புத்தகமாக வந்தன. அதாவது, சொந்த ஊர் ஆயாக்களின் வாயைப் பார்ப்பதற்கு இருபத்திரண்டு வருஷம் முன்பே நம் ஊர் ஆயாவின் கதையை அவர்கள் படித்துவிட்டார்கள்! ராட்சதனின் உயிர் கிளியில் இருக்கும் கதை அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. ஜேகப்ஸ் 1892-ல் வெளியிட்ட 'இந்தியத் தேவதைக் கதைகள்' தொகுதியில் அதையும் எடுத்துக் கொண்டார். நம் நடேச சாஸ்திரியார் திரட்டிய ஜோசியர் மகன் கதையும் அதில் இருக்கிறது என்பதைத் தமிழ் நாவல் படிக்கும் நாம் தெரிந்துகொள்வது நல்லது. சாஸ்திரியார் 'தீனதயாளு' எழுதியவர் அல்லவா?

ஜேகப்ஸ் கதைகளை அப்படியே போட்டாரா என்றால், இல்லை. ஜில்லாப் பேச்சைக் குறைத்தார். பழைய பாட்டாக இருந்த சிலவற்றை வசனமாக்கினார். ஆராய்ச்சிக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். நாட்டுப்புறத்தில் கதை சொல்லுகிற ஒருவனுக்கு உள்ள சுதந்திரம் எனக்கு மட்டும் ஏன் கூடாது என்று அவர் திருப்பிக் கேட்டார். நல்ல வயதான ஆயா ஒருத்தி கதை சொல்லும்போது எப்படிப் பேசுவாளோ, அப்படி எழுத வேண்டும் என்பதே அவருடைய நோக்கம்.

அப்படியானால் க்ரூக்ஷாங்கும் மாற்றினார், ஜேகப்ஸும் மாற்றினார்; இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று நேயர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். மூன்று கரடிகளின் கதையைப் பார்த்தால் விடை அகப்படுகிறது என்று நினைக்கிறேன். தங்கநிறக் கூந்தல் சிறுமி கரடி வீட்டில் புகுந்து கஞ்சியைக் குடித்து, நாற்காலியை உடைத்து, படுக்கையில் தூங்கும் கதை எல்லோருக்கும் தெரியும். 1837-ல் ராபர்ட் ஸதே என்ற கவிஞர் இதை அச்சிட்டபோது சிறுமியே கிடையாது! வந்து புகுந்தவள் ஒரு பொல்லாத கிழவி. கரடிகளும் குடும்பம் அல்ல, மூன்றும் பிரம்மசாரிகள். பெரிய கரடியின் பேச்சைப் பெரிய எழுத்திலும், நடுக்கரடியின் பேச்சை நடுத்தர எழுத்திலும், குட்டிக் கரடியின் பேச்சைப் பொடி எழுத்திலும் அச்சடித்து, படிப்பவர் குரலை மாற்றியே ஆக வேண்டும்படி செய்துவிட்டார். அதற்கு முன்பே, 1831-ல், எலினார் மியூர் என்ற பெண்மணி தன் மருமானின் பிறந்தநாளுக்குக் கையால் எழுதிப் படம் போட்டுக் கொடுத்த புத்தகத்திலும் கிழவிதான். அதில் கரடிகள் கிழவியை ஸெயின்ட் பால் கோயில் கோபுரத்தின் மேல் தூக்கி எறிகின்றன. இந்தப் புத்தகம் டொராண்டோ நகரப் பொது நூலகத்தில் இருக்கிறது. 1850-ல் ஜோஸப் கண்டால் என்பவர், கிழவிகள் கதை ஏற்கனவே நிறைய இருக்கிறது என்று சொல்லிக் கிழவியைச் சிறுமி ஆக்கினார். முதலில் அவளுக்கு வெள்ளிநிறக் கூந்தல். பிறகு அது தங்கமாயிற்று.

இதோடு நின்றால் பரவாயில்லை. ஜேகப்ஸின் இரண்டாம் தொகுதியில், பாட்டன் மூலம் கிடைத்த இன்னொரு பழைய கதை இருக்கிறது. அதில் கரடி வீட்டில் புகுந்தது கிழவியும் அல்ல, ஒரு நரி! பெண் நரியைக் குறிக்கும் இங்கிலீஷ் சொல் அடாவடிக்காரியான பொம்பளையையும் குறிக்கும். யாரோ சொன்னது யார் காதிலோ வேறு மாதிரி விழுந்து, நரி கிழவியாகிவிட்டது என்று ஊகிக்கிறார்கள். நரி கிழவியாகி, கிழவி குழந்தையாகி, குழந்தையின் தலைமயிர் வெள்ளியிலிருந்து பொன்னாகிவிட்டது. ஆனால் கதையை யாரும் கெடுக்கவில்லை. சொல்லும்போது குரல் எங்கே ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும், குழந்தை எங்கே மூச்சைப் பிடித்துக்கொள்ளும் என்பதைக் கவனித்து மாற்றியவர்கள் இவர்கள். கேட்கிற குழந்தைக்காக மாற்றுவது ஒன்று. குழந்தையின் தலைக்கு மேலே தெரியும் பெரியவர்களுக்காக மாற்றுவது வேறொன்று.

புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்தது 'கோரைக் குல்லாய்' கதை. ஒரு பணக்காரர் மூன்று பெண்களையும் கூப்பிட்டு, என் மேல் எவ்வளவு பிரியம் என்று கேட்கிறார். உயிரைப்போல என்கிறாள் மூத்தவள். உலகத்தைவிட என்கிறாள் இரண்டாமவள். மாமிசத்துக்கு உப்பு எப்படியோ அப்படி என்கிறாள் கடைசிப் பெண். தகப்பனாருக்குக் கோபம், வீட்டை விட்டுத் துரத்திவிடுகிறார். அவள் கோரைப் புல்லால் முக்காடிட்ட அங்கி ஒன்று பின்னிப் போட்டுக்கொண்டு, ஒரு பெரிய வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். முடிவில் அந்த வீட்டுப் பிள்ளைக்கே வாழ்க்கைப்படுகிறாள். கல்யாண விருந்தில் ஒரு பண்டத்திலும் உப்புப் போடக் கூடாது என்று சமையற்காரியிடம் சொல்லி வைக்கிறாள். விருந்துக்கு வந்த தகப்பனார் ஒவ்வொரு தட்டாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஓவென்று அழுதுவிடுகிறார்.

1606-ல் அரசர் முன்னிலையில் நடிக்கப்பட்ட 'லியர் மன்னன்' நாடகத்தில் இதே தகப்பனார், இதே மூன்று பெண்கள். அதில் உப்பு இல்லை. புயலும் பைத்தியமும் மரணமும் இருக்கின்றன. ஷேக்ஸ்பியரோடு போட்டி போட எந்த ஆயாவும் நினைக்கவில்லை. ஆனாலும், உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று சொல்லிப் பழகிய நமக்கு, அந்தத் தகப்பனார் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அழுகிற அழுகை உடனே விளங்கிவிடுகிறது. இந்தக் கதையைக் கேட்ட அன்று என் பேத்தி வெகு நேரம் பேசவே இல்லை. மறுநாள் சாம்பாரில் உப்பு சரியாக இருக்கிறதா என்று எல்லோரையும் கேட்டாள்.

பன்றிக்குட்டிக் கதையை எப்படியாவது முடித்தாக வேண்டுமே! மூன்று நாள் கழித்து, மருமகள் வீட்டில் இருக்கும்போதே, பகல் வெளிச்சத்தில் முடித்தேன். ஓநாய் கோசுக்கிழங்கு பிடுங்கப் போகலாம் என்று கூப்பிட்டது. குட்டி ஒரு மணி முன்னதாகவே போய் எடுத்து வந்துவிட்டது. ஆப்பிள் பறிக்கக் கூப்பிட்டது, அதிலும் ஏமாந்தது. சந்தைக்குக் கூப்பிட்டது, குட்டி வெண்ணெய் கடையும் பீப்பாய்க்குள் புகுந்துகொண்டு மலையிலிருந்து உருண்டு வர, ஓநாய் பயந்து ஓடியது. கடைசியில் புகைபோக்கி வழியாக இறங்கியது. குட்டி அடியில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர்ப் பானையை வைத்து மூடியைத் திறந்தது. ஓநாய் உள்ளே விழுந்தது. மூடியைப் போட்டு, வேகவைத்து, ராத்திரிச் சாப்பாட்டுக்கு அதைத் தின்றது.

கைவேலையை மடியில் போட்டுவிட்டு மருமகள் மகளின் முகத்தைப் பார்த்தாள். அழப் போகிறாள் என்று பயந்தாளோ என்னவோ. பேத்தி புருவத்தைச் சுருக்கிக்கொண்டு யோசித்தாள்.

"உப்புப் போட்டுதா, தாத்தா?" என்றாள்.

புத்தகத்தை மறுபடி பிரித்துப் பார்த்தேன். ஜேகப்ஸ் அதைச் சொல்லவில்லை.

"பின்னே போடாமலா தின்னும்?" என்றாள் என் மருமகள்.